திருவொற்றியூரில் ஒரு திறந்த வீடு: எட்டு வருட அனுபவம்

2017 தை மாதம் இந்த வீட்டில் பால் காய்ச்சினோம். அதற்குப் பிறகு எட்டு கோடை, எட்டு மழைக்காலம் இதற்குள்ளேயே கழிந்துவிட்டன. ஏசியை நம்பாமல், முற்றமும் காற்றும் நிழலுமாக, இலங்கையில் கட்டுகிற மாதிரி ஒரு வீடு சென்னைக்குச் சரிப்படுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரிப்படும். ஆனால் கொழும்பில் கட்டினபடியே இங்கே கட்டினால் சித்திரை, வைகாசியில் அவதிப்படுவீர்கள். அந்த வித்தியாசம் எங்களுக்குப் பிடிபட மூன்று கோடை ஆனது.

ஆசை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுவதற்குச் சில வருடம் முன்னால் கொழும்பு போயிருந்தபோது, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். 33ஆம் ஒழுங்கை, 11ஆம் எண். முன்பதிவு செய்தால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கியிருக்கிறார். பெரிய தோட்டமெல்லாம் கிடையாது. நீளமான நடை, அதன் ஓரங்களில் வானம் தெரிகிற சின்னச் சின்ன முற்றங்கள், அவ்வளவுதான். வெளியே வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்த எனக்கு உள்ளே நுழைந்ததும் மூச்சு இறங்கினது இன்னும் நினைவிருக்கிறது. பாவா நமக்கு அந்நியரும் இல்லை. நம் கன்னிமாரா ஹோட்டலை 1970களில் மாற்றி வடிவமைத்தவர் அவர்தான்.

எங்கள் மனை அரை கிரவுண்ட். 20 அடி அகலம், 60 அடி நீளம், கிழக்குப் பார்த்தது. கடல் நடக்கிற தூரம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. வடசென்னையில் பாதி வீடுகளுக்கு இந்த நிலைமைதான்: முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் பகலிலும் லைட் போட்ட ஒரு அறை. பெரிய பங்களாக்களை விட்டுவிட்டு 11ஆம் எண் வீட்டை நாங்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் நடுவில் ஒரே பெரிய முற்றம் இருக்கும். அதற்கு அரை கிரவுண்டில் இடம் ஏது? நாங்கள் இரண்டு வைத்தோம். முன்கூடம் முடிகிற இடத்தில் எட்டுக்கு ஆறு அடி, சமையலறை ஓரமாக ஐந்துக்கு நாலு அடி. இரண்டுக்கும் மேலே கம்பி மட்டும், கூரை கிடையாது.

கடைக்கால் போடும்போது மேஸ்திரி நம்பவே இல்லை. "அக்கா, நடு வூட்ல இம்மாம் பெரிய ஓட்டைய வெச்சா மழ உள்ள வராதா?" என்றார். வரும். வரட்டும் என்றுதான் வைத்தோம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் காற்று. மத்தியானம் கடல்காற்று கிளம்பினதும் முன்வாசல் வழியாக நுழைந்து, முற்றத்தில் சூடாகி மேலே போகிற காற்றோடு சேர்ந்து வீடு முழுக்க ஓடும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தால் போதும். ஆடியிலிருந்து மாசி வரைக்கும் இந்த வீட்டில் இருப்பது போல ஒரு சுகம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. என் அத்தை மத்தியானத் தூக்கத்துக்கு இடம் மாற்றுவதே இல்லை. பெரிய முற்றத்து ஓரம், சிவப்பு சிமெண்ட் தரை, ஒரு தலையணை.

பங்குனிக்கு அப்புறம்தான் கணக்கு மாறுகிறது. கொழும்பு ஏழு டிகிரி அட்சரேகையில், ஒரு தீவின் ஓரத்தில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பகல் வெப்பம் 30, 32 டிகிரி வாக்கில்தான். எந்நேரமும் திறந்து வைக்கலாம், வெளியே இருந்து வருகிற காற்று வீட்டைச் சுடாது. நமக்குப் பின்னால் பெரிய நிலப்பரப்பு கிடக்கிறது. மே மாதத்தில் காலையிலிருந்து மேற்கே இருந்து காய்ந்த காற்று வீசும். கோடை என்ற சொல்லுக்கே மேல்காற்று என்று ஒரு பொருள் உண்டு, காரணமில்லாமல் வரவில்லை. கடல்காற்று பன்னிரண்டு, ஒரு மணிக்கு உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் இரண்டு மூன்று மணி வரைக்கும் வராது, வெயில் 40ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் வீட்டைத் திறந்து வைத்தால் அனல் உள்ளே குடியேறிவிடும். ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் இறங்காது.

முதல் இரண்டு கோடை இது தெரியாமல் எல்லாவற்றையும் திறந்து போட்டுத் தவித்தோம். மூன்றாவது வருடம் பெரிய முற்றத்துக்கு மேலே இழுத்து மூடுகிற கேன்வாஸ் படுதா கட்டினோம். இப்போது கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டு மணிக்கு மேற்குப் பக்கத்தை மூடிவிடுவேன், படுதாவை இழுத்துவிடுவேன். வாசல் கொடியில் காயும் துணி மேற்குப் பக்கம், அதாவது வீட்டுப் பக்கம் சாய்ந்தால் கடல்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். இந்த ஒரு பழக்கத்தால் மாலையில் கூடம் முன்னைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதைச் சுவரில் மாட்டின தெர்மாமீட்டரில் பார்க்கிறேன். மேற்குச் சுவரை ஒட்டிக் கழிவறை, மாடிப்படி, சாமான் அறை மூன்றையும் வைத்தது நல்ல யோசனை. பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்கின்றன.

கூரையில் இரண்டு விதம் செய்தோம், அதனால் ஒப்பிட முடிகிறது. முன்பாதி கான்கிரீட், மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டை ஓடு பதித்தது. பின்பாதி சாய்வுக் கூரை. கீழே ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத நெளி சிமெண்ட் ஷீட், அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓடு. இது பாவா இலங்கையில் நிறையக் கையாண்ட முறை. ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் காற்று நடமாடும், ஓடு உடைந்தாலும் ஷீட் இருப்பதால் ஒழுகாது. பகலில் இரண்டு அறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெரியும். ஓட்டு அறை சீக்கிரம் ஆறிவிடும், கான்கிரீட் அறை பகலெல்லாம் குடித்த சூட்டை விடியும் வரைக்கும் கக்கும். சித்திரைக்கு முன்னால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் ஓரளவு குறைகிறது, வருடா வருடம் அடிக்க வேண்டும்.

ஆனால் புயலை மறக்கக் கூடாது. ஓடு வேய்ந்து பத்து நாள்கூட ஆகாதபோது, 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்தது. கீழ் வரிசை ஓடுகள் மொத்தமும் பறந்து தெருவில் கிடந்தன. யார்மீதும் விழாதது எங்கள் அதிர்ஷ்டம். ஜே போல்ட் போட்டு முடுக்கின ஷீட் அசையவில்லை. அப்புறம் ஓரங்களையும் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையையும் கலவை வைத்துப் பூசிவிட்டோம். கொழும்பில் பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதில் இதுவும் ஒன்று.

வடக்குச் சுவர் விஷயத்தில் ஏமாந்தோம். வடக்குப் பக்கம் வெயிலே படாது, சன்ஷேடு வேண்டாம் என்று வரைபடம் போட்டவர் சொன்னதைக் கேட்டோம். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலில்லா நாள் என்கிறார்களே, அது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உச்சி நேரத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். பக்கத்து வீடு தரைத்தளம் மட்டும் என்பதால் எங்கள் மாடியின் வடக்கு ஜன்னலில் சரியாக மே, ஜூன், ஜூலையில் வெயில் ஏறுகிறது. பிறகு மூங்கில் தட்டி அடித்துச் சமாளித்தோம். நீங்கள் கட்டினால் நான்கு பக்கமும் சன்ஷேடு வையுங்கள், இரண்டு அடிக்குக் குறையாமல்.

சரி, மழை. சாதாரண மழைக்கு முற்றம் அழகோ அழகு. தண்ணீர் நாலு அங்குலக் குழாய் வழியாக மழைநீர்த் தொட்டிக்குப் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதுதான் பயந்துபோனோம். வேப்பிலைச் சருகு குழாயை அடைத்துவிட, முற்றம் தொட்டியாகிக் கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது. குடும்பமே ராத்திரி முழுக்க வாளியோடு நின்றோம். தெருத் தண்ணீர் மட்டும் ஏறவில்லை, அடித்தளத்தைச் சாலையிலிருந்து மூன்றரை அடி உயர்த்தியிருந்தோம். ரோடு போடப் போட இங்கே வீடு தாழ்ந்துகொண்டே போகும், அதனால் இதில் கஞ்சத்தனம் கூடாது. இப்போது முற்றத்துக்கு இரண்டாவது குழாய் போட்டாகிவிட்டது.

உப்புக்காற்று இரும்பை விட்டு வைப்பதில்லை. முற்றத்துக் கம்பி மூன்றாம் வருடமே பொரிந்துவிட்டது, மாற்றினோம். கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை. பழைய வீடு இடித்த தேக்கு மரக் கதவுகளை வாங்கிப் போட்டோம், அவை ஒன்றும் ஆகாமல் நிற்கின்றன.

கொசுவுக்கு வலை அடிக்காமல் இங்கே முடியாது. வலை அடித்தால் காற்று கண்கூடாகக் குறைகிறது. உப்பும் தூசியும் வலையில் படிந்தால் இன்னும் மோசம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். தொழிற்சாலைப் பக்கமிருந்து கெட்ட வாடை அடிக்கிற ராத்திரிகளில் முற்றத்தைக் காற்றுப் புகாமல் மூட வழியில்லாமல் முகத்தில் துணி போட்டுப் படுத்ததும் உண்டு. திறந்த வீட்டில் ஊர்க்காற்றுதான் உங்கள் காற்று. ஊர்க்காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஏசி உண்டா என்றால், ஒரே ஒரு அறையில் உண்டு. காற்றுக்குத் துளை விட்ட ஜாலிச் சுவர் வைக்காமல் முழுக்க மூடும்படி அதை முதலிலேயே கட்டினோம். மே மாதத்தில் காற்று செத்துப்போகிற சில ராத்திரிகளில் வயதானவர்களுக்கு அது வேண்டும்.

எதிர்வீட்டில் இப்போது மூன்று மாடிக்குக் கம்பி கட்டுகிறார்கள். கிழக்குக் காற்றில் பாதி போய்விடும் என்று நினைக்கிறேன். பெரிய முற்றத்தின் கிழக்குப் பக்கத்தைத் திறப்பாக விட்டு, மற்ற மூன்று பக்கச் சுவரையும் நான்கு அடி உயர்த்தினால் மாடிக்கு மேலே போகிற காற்றைத் தடுத்து உள்ளே இறக்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.