டர்பன் முதலுதவி வகுப்பு: போகலாம், தலையணை ஒன்று எடுத்துப் போங்கள்

முட்டி வலி உள்ளவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தரை சிமெண்ட். பொம்மையின் நெஞ்சை அழுத்த மண்டி போட வேண்டும். மூன்று மணி நேரம். எனக்கு அறுபத்தாறு வயது. மறுநாள் படி இறங்க என் மருமகள் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வகுப்பை நடத்துவது முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் இப்படிப்பட்ட சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. சார்ல்ஸ் எவென்டன் என்ற கேலிச்சித்திரக்காரர் 1927-ல் தொடங்கிய மோத் இயக்கம் பிறந்ததே இந்த ஊரில்தான். நான் போனது அது அல்ல, ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னச் சங்கம். கட்டணம் கிடையாது. வாசலில் நன்கொடை டப்பா வைத்திருக்கிறார்கள். 50 ராண்ட் போட்டேன்.

போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டு நீச்சல் குளம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கிடக்கிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் கத்துவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

சொல்லிக் கொடுத்தவர் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர். வெள்ளைக்காரர், ஆனால் என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டார். நம் ஊர்ப் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில், இடையிடையே ஜூலுவில். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், 30 அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. அந்த வேகம் பிடிபடுவதற்கு 'லெஃப்ட், ரைட்' என்று காலைத் தட்டிக் காட்டினார். அணிவகுப்பு நடையும் ஏறக்குறைய அதே வேகம்தானாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. தைப்பூசக் காவடிக்கு அடிக்கும் மேளத்தை மனதில் ஓடவிட்டேன், கை தானாக விழுந்தது. "ஆன்ட்டி, அதே வேகம், விடாதீங்க" என்றார்.

தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் மூச்சு கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சை அழுத்த வேண்டும் என்பது எனக்குப் புதிது. அதைவிடப் பெரிய பாடம், குதிக்கக் கூடாது என்பது. காப்பாற்றப் போனவரையும் சேர்த்துத் தண்ணீர் விழுங்கிவிடும். கடற்கரைகளில் 2017-லிருந்து மாட்டி வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மிதவைகள் இதற்காகத்தான். அது இல்லாத இடத்தில் மூடி போட்ட காலி கேனில் கயிறு கட்டி எறிய வேண்டும். வெளியே புல்வெளியில் எல்லோரையும் எறிய வைத்தார். என் கேன் ஒரு காரின் மேல் விழுந்தது. கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112 என்பதை மூன்று முறை சொல்ல வைத்துத்தான் விட்டார்.

இதுவரை குறையே இல்லை. அதற்கப்புறம் பாராட்டு விழா என்று உட்கார வைத்தார்கள். கடலில் ஒரு பையனை இழுத்து வந்து கரை சேர்த்த மீன்பிடிக்காரர் ஒருவருக்குக் கேடயம். நல்ல காரியம். ஆனால் நாற்பது நிமிடம் சங்கத்துக்காரர்கள் பேசினார்கள், அவருக்கு மைக் கிடைத்தது அரை நிமிடம். டீ ஆறிவிட்டது. ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி வைத்த பன்னி சௌ மட்டும் சூடாக, காரமாக இருந்தது.

சுவரில் உயிர் காத்தவர்கள் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. மேலிருந்து கீழ் வரை படித்தேன். 'படவத்தன் ஆறு பேர்' என்று நாங்கள் சொல்லும் அறுவரின் பெயர் அதில் இல்லை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் ஜனங்களின் குடிசைகளை வாரிக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவத்தனும் கூட்டாளிகளுமாக ஆறு பேர் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். மழை வலுத்தால் போதும், என் பாட்டி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். அவர்கள் சீருடை போட்டவர்கள் இல்லை, வலை போட்டவர்கள்.

செயலாளரிடம் கேட்டேன். அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். "எழுதிக் கொடுங்க ஆன்ட்டி, கமிட்டியில் வைக்கிறேன்" என்றார். பன்னி சௌ சுற்றி வந்த காகிதத்தில் எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை. விழாவுக்கு இரண்டு. அடுத்த மாதம் மருமகளை அனுப்புகிறேன். பலகையையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.