பழைய சஸ்பென்ஷனை யார் காசில் மாற்றுவது?

சஸ்பென்ஷனில் தேய்கிற பாகம் வேறு, முறிகிற பாகம் வேறு. இணைப்புகளில் இருக்கும் புஷ் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்தால் ஸ்பீட் பிரேக்கரில் கடகடவென்று சத்தம் வரும், அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர் போனால் வண்டி குதிக்கும், நாமே புரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போய்விடலாம். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உலோகத் தண்டான லிங்க் அப்படியில்லை. உள்ளே விரிசல் விட்டது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே ஒரு நாள் முறிந்துவிடலாம், அந்த நேரம் வண்டி பார்க்கிங்கில் நிற்குமா நெடுஞ்சாலையில் பறக்குமா என்பது யார் கையிலும் இல்லை. பழைய வண்டிக்குக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தர வேண்டுமா என்ற கேள்வி வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டெஸ்லா விஷயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் ஒரே பாகத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு முடிவு. 2020 அக்டோபரில் சீனாவில் சுமார் 30,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை ரீகால் செய்தார்கள், அதாவது குறையைச் சரிசெய்ய கம்பெனியே திரும்ப அழைத்தது. முன் சஸ்பென்ஷனின் பின்பக்க லிங்க், பின் சஸ்பென்ஷனின் மேல் லிங்க், இரண்டும் இலவச மாற்று. ஆனால் அதற்கு முந்தைய மாதமே அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவுக்கு எழுதிய கடிதத்தில், பாகத்தில் குறையே இல்லை, சீன ஓட்டுநர்கள் வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டுவதுதான் காரணம், அரசோடு வழக்காட விரும்பாமல் அங்கே மட்டும் மாற்றுகிறோம் என்றது டெஸ்லா. முறிவு விகிதம் சீனாவில் சுமார் 0.1 சதவீதம், மற்ற இடங்களில் 0.05 சதவீதத்துக்கும் கீழே என்பது அவர்கள் கணக்கு. சரி, சாலை மோசம் என்றே வைத்துக்கொண்டாலும், சாலைக் குழியில் இறங்கி ஏறுவதற்காகத்தானே சஸ்பென்ஷனே இருக்கிறது?

அமெரிக்காவில் முன் சஸ்பென்ஷனின் இன்னொரு லிங்க்குக்கு 2017-லேயே சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிருந்தது. சில வண்டிகளின் லிங்க் கம்பெனியே வைத்த வலிமை அளவை எட்டாமல் இருக்கலாம் என்று அதில் இருந்தது. 2020 நவம்பரில் என்ஹெச்டிஎஸ்ஏ சுமார் 1,15,000 கார்கள் மீது விசாரணை தொடங்கியபோது கையில் இருந்த புகார்கள் 43. பெரும்பாலானவை மெதுவாகத் திருப்பும்போது முறிந்தவை, நான்கு நெடுஞ்சாலையில். சுற்றறிக்கை வழியில் கம்பெனிக்குச் செலவு குறைவு, உண்மைதான், ஆனால் லிங்க் பலவீனம் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வழி பாதிப் பாதி. 2016-ல் 70,000 மைல் ஓடிய ஒரு மாடல் எஸ்ஸின் சஸ்பென்ஷனில் இருக்கும் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு போனது, வாரண்டி முடிந்திருந்தது, 3,100 டாலர் செலவில் பாதியைத் தருகிறோம் என்று சொல்லி டெஸ்லா கையெழுத்துக் கேட்டது. புகார் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் போலத் தெரிகிறதே என்று என்ஹெச்டிஎஸ்ஏ கண்டித்தது. அப்படி எந்த நோக்கமும் இல்லை என்றது டெஸ்லா. காசு கிடைத்தவருக்கு நல்லதுதான், அதே பாகத்தோடு ஓடும் மற்றவர்களுக்கு இதனால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஃபோர்டு. 2019-ல் அமெரிக்காவில் 2011 முதல் 2017 வரையிலான சுமார் 12 லட்சம் எக்ஸ்ப்ளோரர் கார்களுக்கு, பின் சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் டோ லிங்க் முறியலாம் என்று ரீகால் போட்டு, ஃபோர்ஜிங் செய்த, அதாவது உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கிய புது லிங்க்கை இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தார்கள். செலவு பெரிது, ஆனால் முறிந்ததா, யார் தப்பு என்று யாரும் வாதாட வேண்டியதில்லை, அமெரிக்கச் சட்டப்படி 15 வருடம் வரைக்கும் பழைய வண்டிக்கு ரீகால் வேலை இலவசம் என்பதால் இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் அது கிடைக்கும். இதே ஃபோர்டு 2010-ல் விண்ட்ஸ்டார் வேன்களின் பின் ஆக்சில் துருப்பிடித்து உடையலாம் என்று, பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களுக்கு மட்டும் ரீகால் போட்டது. துருவுக்கு இந்தப் பகுதிவாரி வழி பொருந்தும். வார்ப்பிலோ வடிவமைப்பிலோ இருக்கிற பலவீனத்துக்குப் பொருந்தாது, எந்த ஊரில் ஓடினாலும் அது அதே லிங்க்தான்.

கம்பெனிக்குள் முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால், தேய்மானப் பாகங்களை வாரண்டியோடு விட்டுவிடுவேன், முறியக்கூடிய லிங்க்கை மொத்தமாக மாற்றச் சொல்வேன். ஒரே நேரத்தில் அத்தனை பாகம் தயாரிக்க முடியாது என்றால் மோசமான சாலை, உப்புச் சாலை ஊர்களில் தொடங்கட்டும். மற்றவர்களுக்கும் இன்றைக்கே கடிதம் போகட்டும், எந்த மாதம் அவர்கள் முறை என்ற தேதியோடு.