ஏர்பேக்கா, டிரான்ஸீவரா? முதல் பனிக்குப் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன் டிசம்பரில் இமயமலைக்குப் போகிறான். "அண்ணா, ஒன்று வாங்கத்தான் காசு இருக்கு. ஏர்பேக் பையா, டிரான்ஸீவரா?" என்று கேட்டான். இரண்டும் பனிச்சரிவில் சிக்கினால் உதவுகிற பொருள்கள். ஏர்பேக் என்பது இழுத்தால் பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும் முதுகுப்பை. டிரான்ஸீவர் என்பது ரேடியோ சிக்னலை அனுப்பவும் பிடிக்கவும் செய்கிற சின்னக் கருவி.

சீசன் ஆரம்பம், பனி கம்மி, பயமில்லை என்று அவனும் நினைத்திருந்தான். பனி மெல்லிசாக இருக்கும்போதுதான் தரையின் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவில் அடிப்பனி சர்க்கரை மாதிரி ஒட்டாமல் உதிர்ந்துபோகிறது. அதன்மேல் காற்று அள்ளிவந்த பனி பலகையாக இறுகிவிட்டால் ஒரு ஆளின் எடையே போதும், மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா மலையில் பனிச்சரிவு 27 பேரைக் கொன்றது 2022 அக்டோபர் 4-ல். குளிர்காலம் அப்போது தொடங்கக்கூட இல்லை.

ஏர்பேக் நல்ல பொருள்தான். ரவை டப்பாவில் வேர்க்கடலையைப் போட்டுக் குலுக்கினால் கடலை மேலே வருமே, அதே கணக்கு: உடம்பைப் பெரிதாக்கி மேலே கொண்டுவரும். ஆனால் அதற்கு ஓடிவரும் பனி வேண்டும், திறந்த சரிவு வேண்டும். ஆரம்ப சீசனில் பனிக்கு அடியிலேயே பாறை. அதில் மோதி விழும் அடியை ஏர்பேக் தடுக்காது. ஊதுவதற்கு அழுத்தக் காற்று உருளை வைத்த பை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதலும் வாங்க வேண்டும்.

டிரான்ஸீவர் யாரையும் புதையாமல் காப்பாற்றாது. புதைந்தவரைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். எல்லா பிராண்டும் 457 கிலோஹெர்ட்ஸ் என்பதால் ஒன்றின் சிக்னலை இன்னொன்று பிடிக்கும். ஆனால் கூட வருகிறவர்களிடமும் இருக்க வேண்டும். பனியில் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பியும் தோண்டும் ஷவலும் சேர்ந்தால்தான் முழு செட். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைப்பவர்களே அதிகம். அதன்பின் மூச்சுத் திணறலில் வாய்ப்பு மளமளவென்று சரியும்.

அதற்குப் பழக்கம் வேண்டும். திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு டிரான்ஸீவரை வைத்துப் புதைத்துத் தேடினோம். தேடும் கருவியின் திரையில் வந்த அம்பு நேராகக் கூட்டிப்போகாமல் வளைத்து வளைத்துக் கூட்டிப்போனது. கிட்டே வந்ததும் கருவியைத் திருப்பாமல், மணலை ஒட்டி மெதுவாக நகர்த்தி, தூரத்தைக் காட்டும் எண் மிகச் சின்னதாக வரும் இடத்தில் கம்பியைக் குத்த வேண்டும். சட்டைப்பையில் செல்போன் இருந்தபோது எண் தாறுமாறாக ஓடியது.

என் ஓட்டு டிரான்ஸீவர் செட்டுக்கு. கருவி வாங்கும் முன்பே, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் மேப்பில் குறித்து, விலகிப் போகும் வழியைப் பார்த்து வைக்கச் சொன்னேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூட்டாளிகளோடு கடற்கரைக்கு வருகிறான். டப்பாவை நான் முன்னாடியே போய்ப் புதைத்து வைக்கிறேன்.