சூரியனைப் பிடிக்க நாலு வழி: நாரீஸ், டேபிள், கால்குலேட்டர், ஆப்

அக்கா மகன் கப்பலில் கடெட். இப்போது தேர்வுக்குப் படிக்க சிங்கப்பூரில் இருக்கிறான். சித்திரைப் பிறப்பை ஒட்டி வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்ததும் கேட்டான்: "மாமா, சைட் கணக்கை எதுல போடுறது? நாரீஸா, 249ஆ, கால்குலேட்டரா, இல்ல ஃபோன்லயே முடிச்சிரலாமா?"

சைட் என்றால், சூரியனோ நட்சத்திரமோ எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதிலிருந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவது. நாரீஸும் 249உம் அந்தக் கணக்குக்கான அட்டவணைப் புத்தகங்கள். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2017 ஜூனில் கருங்கடலில் நடந்ததைச் சொல்லியிருப்பேன். கடலில் நின்ற இருபது கப்பல்கள் வரை, தாங்கள் கரையில் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாக ஜிபிஎஸ் காட்டுகிறது என்றன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 90களில் கைவிட்ட விண்மீன் வழிகாட்டல் பாடத்தை 2015இல் மறுபடி கொண்டுவந்ததும் இந்தப் பயத்தால்தான். சரி, அது வேறு கதை.

கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவனை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கையில் அந்த உயரத்தை அளக்கும் என் பழைய செக்ஸ்டண்ட், ஒரு கேக் தட்டு, ஒரு பாட்டில் எண்ணெய். எண்ணெய் எதற்கு என்றால், அங்கே கடல் இருக்கிறதே தவிர அடிவானம் இல்லை. முன்னால் நங்கூரமிட்ட கப்பல்கள், அவற்றுக்குப் பின்னால் பாத்தாம் தீவு. தட்டில் எண்ணெயை ஊற்றிக் காற்றுப் படாமல் வைத்தால் அதுவே அடிவானம். வானத்துச் சூரியனையும் எண்ணெயில் தெரியும் சூரியனையும் ஒட்ட வைத்தால், செக்ஸ்டண்ட் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு காட்டும். அதைப் பாதியாக்கினால் போதும். (எண்ணெய் இல்லாவிட்டால் கோப்பிக் கடையில் ஒரு தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, வாங்கி ஊற்றலாம். இனிப்பில்லாததே நல்லது, எறும்பு வராது.)

மத்தியானத்தில் இது நடக்காது. சிங்கப்பூர் 1° 18' வடக்கில் இருப்பதால், வருஷத்தில் எந்த நாளானாலும் உச்சிவேளைச் சூரியன் 65 பாகைக்குக் கீழே வராது. அதன் இரண்டு மடங்கு 130ஐத் தாண்டிவிடும், செக்ஸ்டண்டின் வில்லோ சுமார் 120 பாகையோடு நின்றுவிடும். ஆகவே காலை ஒன்பதரைக்குப் பிறகு தட்டை வைத்தோம். 9:45க்கு அவன் எடுத்த அளவு 78° 52'. பாதியாக்கினால் 39° 26'. சூரியனின் கீழ் விளிம்பைப் பிடித்ததற்கும் ஒளி வளைவுக்கும் அல்மனாக் என்ற வருஷாந்திர வானியல் புத்தகத்தின் முன் அட்டை உள்பக்கத்து அட்டவணைப்படி 15 கலை (அறுபது கலை ஒரு பாகை) கூட்டினால் 39° 41'. இனி நாலு வழிகளுக்கும் தீனி இந்த ஓர் எண்தான். (எண்கள் உருண்டையாக வர அங்கங்கே கொஞ்சம் தட்டியிருக்கிறேன்.)

நாலு வழிக்கும் பொதுவானது அல்மனாக். 1767ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வெளிவந்த புத்தகம். இன்றைக்கும் விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் மூன்று நாள் இருக்கும். வானத்தில் இருக்கும் எதுவும் ஒவ்வொரு நொடியும் பூமியில் ஏதோ ஓர் இடத்துக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த இடத்தின் அட்சரேகைதான் டெக்லினேஷன். கிரீனிச்சிலிருந்து மேற்கே அது எத்தனை பாகை என்பது ஜிஎச்ஏ. அன்று காலை 9:45க்கு, அதாவது கிரீனிச்சில் 1:45க்கு, சூரியனின் டெக்லினேஷன் 9° 25' வடக்கு, ஜிஎச்ஏ 206° 09'. பசிபிக் கடலில் மைக்ரோனேசியத் தீவுகள் பக்கம் யாரோ ஒருவர் தலைக்கு நேர் மேலே சூரியன். நமக்கு 39° 41' உயரம் என்றால் 90இலிருந்து கழித்து 50° 19'. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், ஆக அந்த இடத்திலிருந்து 3019 மைல் தள்ளி நிற்கிறோம். விஷயம் இவ்வளவுதான், மீதி எல்லாம் கணக்கு.

"பஞ்சாங்கம் இருக்கே, அதை வச்சுப் பண்ண முடியாதா?" என்றான். கேலிதான், ஆனால் நல்ல கேள்வி. அல்மனாக்கின் தினசரிப் பக்கங்களில் இருக்கும் நட்சத்திரங்கள் 57. அவற்றில் ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் எல்லாம் உண்டு, பெயர்தான் அல்டெபரான், பீட்டல்ஜூஸ், ரெகுலஸ் என்று மாறியிருக்கும். ஆனால் தொடக்கப் புள்ளி வேறு. அல்மனாக் மேஷத்தை மார்ச் 20 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியிலிருந்து எண்ணுகிறது. நம் பஞ்சாங்கம் சித்திரை ஒன்றிலிருந்து. இடையில் சுமார் 24 பாகை, அதுதான் அயனாம்சம். அதைக்கூடத் திருத்திவிடலாம். நேரம்தான் இடிக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், அதற்குள் பூமி 6 பாகை சுழன்றுவிடும். நம் ஊர்ப்பக்கத்தில் அது 360 மைல். நல்ல நேரம் பார்க்க நாழிகை போதும். இங்கே 4 நொடி பிசகினால் ஒரு மைல் போய்விடும்.

சரி, நாரீஸ். நான் படித்தது இதில்தான். ஹாவர்சைன் சூத்திரம், லாகரிதம், ஐந்து இலக்கம், பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு தாள் நிறைய எண். நிதானமாகப் போட்டால் கால் மணி நேரம். கப்பல் ஆடும் ராத்திரியில் அரை மணி. விடை, அதாவது நாம் நிற்பதாக உத்தேசமாக வைத்துக்கொள்ளும் இடத்தில் சூரியன் இருக்க வேண்டிய உயரம், 39° 37' என்று வரும். இதில் கௌரவம் இருக்கிறதே தவிர லாபம் இல்லை. லாகரிதம் வரிசையில் ஓர் இலக்கம் தவறினாலும் தாள் பார்க்க அழகாகவே இருக்கும், கடைசி வரை தெரியாது. ஆனால் அதே புத்தகத்தில் சூரியன் இருக்கும் திசையைத் தரும் ஏபிசி அட்டவணைகளை நான் விடமாட்டேன். இன்று கப்பலில் சூரியனை அதிகம் பார்ப்பது இடம் கண்டுபிடிக்க இல்லை. ஜைரோ காம்பஸும் காந்த காம்பஸும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கத்தான். அதற்கு ஏபிசியில் இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது 249 டேபிள். கணக்கையெல்லாம் முன்னாலேயே போட்டு அச்சடித்து வைத்திருக்கிறார்கள், முழு எண்களுக்கு மட்டும். ஆகவே நாம் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, முழு எண் வரும் ஓர் இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். தீர்க்கரேகையை 103° 51' என்று எடுத்தேன். 206° 09' கூட்டினால் எல்எச்ஏ, அதாவது நம் தீர்க்கரேகையிலிருந்து மேற்கே சூரியன் எத்தனை பாகை என்பது, சரியாக 310. அட்சரேகை 1 பாகை. டேபிள் 39° 34' என்கிறது, நம்முடையது 39° 41'. வித்தியாசம் 7, அதாவது சூரியன் இருக்கும் திசையில் 7 மைல். அங்கே அந்தத் திசைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால், அதன் மேல் எங்கோ நாம் நிற்கிறோம். வேகம் என்றால் வேகம். ஆனால் டெக்லினேஷனும் அட்சரேகையும் ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா என்று பார்த்துப் பக்கம் எடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டி ஓடும் கப்பலில் காலையில் வடக்கு, மாலையில் தெற்கு என்று மாறிக்கொண்டே இருக்கும், தூக்கக் கலக்கத்தில் எதிர்ப் பக்கம் கைக்கு வரும். இதன் அண்ணன் 229 இன்னும் துல்லியம், பத்தில் ஒரு கலை வரை தரும். ஆறு தொகுதி. இந்தப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு 15 பாகை வரைக்குமான முதல் தொகுதியே போதும். நாகப்பட்டினமும் சென்னையும்கூட அதற்குள் அடங்கிவிடும். செக்ஸ்டண்டில் ஆடும் கை ஒரு கலை தவறும்போது பத்தில் ஒரு கலை எனக்கு அவசியமாகத் தெரியவில்லை.

249இன் முதல் தொகுதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது நட்சத்திரத்துக்கு மட்டும். அட்சரேகையும் மேஷப் புள்ளியின் எல்எச்ஏவும் கொடுத்தால், அந்த நேரத்தில் பிடிக்க ஏற்ற ஏழு நட்சத்திரம், ஒவ்வொன்றின் உயரம், திசை எல்லாம் ஒரே வரியில். உயரத்தைச் செக்ஸ்டண்டில் முன்பே வைத்துக்கொண்டு அந்தத் திசையில் அடிவானத்தைப் பார்த்தால், கண்ணுக்கு இன்னும் தெரியாத நட்சத்திரம் கண்ணாடிக்குள் வந்து நிற்கும். முதல்முறை அகத்தியரை (அல்மனாக்கில் கனோபஸ்) இப்படிப் பிடித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்த ஒரு வேலைக்கு இதற்கு ஈடாகக் கால்குலேட்டரும் இல்லை.

துருவ நட்சத்திரத்தை மட்டும் இங்கே மறந்துவிட வேண்டும். சோழமண்டலக் கரை மாலுமிகள் ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் வைத்துத் துருவன் உயரத்தைப் பார்த்தார்கள், ஊருக்கு ஒரு முடிச்சு. நாகப்பட்டினத்தில் அது 11 பாகை உயரத்தில் நிற்கும். சிங்கப்பூரில் ஒன்றோ இரண்டோ பாகை, அதுவும் புகைமூட்டத்துக்குள். அல்மனாக்கின் துருவன் பக்கம் இந்த ஊர்க்காரருக்கு வெறும் காகிதம்.

மூன்றாவது கால்குலேட்டர். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். சைன் உயரம் என்பது, சைன் அட்சரேகை பெருக்கல் சைன் டெக்லினேஷன், அதோடு கொசைன் அட்சரேகை, கொசைன் டெக்லினேஷன், கொசைன் எல்எச்ஏ மூன்றின் பெருக்கல். ஒரே வரி. 1° 18', 9° 25', 310° போட்டால் 39° 37'. நம் அளவு 39° 41'. ஆக 103° 51'இலிருந்து சூரியன் பக்கம், 079 திசையில், 4 மைல். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 103° 55'. கோடு எங்கள் தட்டுக்கு மேலேயே போனது. பையன் முகத்தில் வெளிச்சம்.

அப்புறம் ஆப். அவன் ஃபோனில் ஒன்று இருந்தது, அல்மனாக்கும் அதற்குள்ளேயே. திருத்தங்களை ஆப்பே போட்டுக்கொள்ளும் என்பதால் பாதியாக்கிய 39° 26'ஐத் தட்டினான், மூன்று நொடியில் விடை. கோடு பாசிர் பாஞ்சாங் கரையோரமாகப் போனது! எட்டு மைல் மேற்கே. இருவரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று திரை பின்னால் போய்த் தேடியபோது கிடைத்தது: கண் உயரம் 20 மீட்டர். போன கப்பலின் பிரிட்ஜ் உயரத்தைப் போட்டு வைத்திருக்கிறான். கடல் அடிவானத்துக்கு அது சரி, உயரத்தில் நின்றால் அடிவானம் தாழ்ந்து தெரியும், 20 மீட்டருக்கு 7.9 கலை கழிக்க வேண்டும். எண்ணெய்த் தட்டுக்கு அது கிடையாது. ஆப் தன்பாட்டுக்குக் கழித்துவிட்டது.

விடை அறுநூறு மைல் தள்ளி வந்திருந்தால் கவலை இல்லை, யாரும் நம்பமாட்டார்கள். எட்டு மைல் நம்பும்படியாக இருக்கிறது. நடுக்கடலில் அதை அப்படியே சார்ட்டில் போட்டிருப்பான். தாளில் எழுதியிருந்தால் "கண் உயரம்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண், கையால் கழிக்க வேண்டும். எண்ணெய்த் தட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அந்த வரியில் 7.9 எழுதக் கை வராது.

ஆனால் ஆப் பக்கமும் நியாயம் இருக்கிறது. மறுநாள் அவன் கப்பலில் எடுத்து வைத்திருந்த நட்சத்திர சைட் ஒன்றைக் கால்குலேட்டரில் போட்டான். சிங்கப்பூர் நேரம் காலை 6:20. அல்மனாக்கில் அதே தேதியைத் திறந்தான். இங்கே காலை எட்டு வரை கிரீனிச்சில் முந்தின நாள்! 6:20 என்றால் அங்கே நேற்று 22:20. ஒரு நாளில் மேஷப் புள்ளி 59 கலை நகர்ந்துவிடும், ஆகவே சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருந்த கப்பல் ஒரு பாகை மேற்கே, மலாக்கா நீரிணைப் பக்கம் போய் நின்றது. இந்த ஊரில் சைட் கற்கும் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள், நானும்தான். ஆப் இதில் விழவே இல்லை, தேதியைத் தானே மாற்றிக்கொண்டது.

அதனால் நான் சொன்னது இது. துல்லியத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது, நாலும் ஒரே கோட்டைத்தான் தரும். எங்கே தவறினாய் என்று எது காட்டிக்கொடுக்கிறதோ அதை எடு. அந்தக் கணக்கில் எனக்கு அல்மனாக் புத்தகமும் கால்குலேட்டரும்தான் முதல். நடுவில் ஒரு தாள் வேண்டும்: முதல் வரியில் கிரீனிச் தேதி, இரண்டாவதில் நேரம், அப்புறம் கண் உயரம், விளிம்பு, ஜிஎச்ஏ. விளிம்பு மாறிப் போனால் 32 மைல், அதற்கும் ஒரு வரி வேண்டும். ஆப் கடைசியில் ஒத்துப் பார்க்க. இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலில் ஆப்பின் செட்டிங்கைப் பார், அப்புறம் உன் தாளின் முதல் வரியைப் பார். மாலுமிகள் பயிற்சிக்கான சர்வதேச விதியான எஸ்டிசிடபிள்யூவின் வழிகாட்டலே மின்னணு அல்மனாக்கையும் கணக்கு மென்பொருளையும் ஏற்றுக்கொள்கிறது, ஆகவே ஆப்பைத் தொடாதே என்று சொல்ல நான் ஆள் இல்லை.

"அப்போ 249 வேண்டாமா மாமா?"

முதல் தொகுதி மட்டும் வேண்டும் என்றேன். அலமாரியில் இருந்த என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அட்டையைப் பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொண்டேன். நட்சத்திர இடங்கள் மெல்ல நகர்வதால் அதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சடிக்கிறார்கள். என்னுடையது அவன் பிறப்பதற்கு முந்தையது. நாரீஸைக் கொடுத்தேன், ஏபிசி பக்கத்தில் ஒரு பழைய பேருந்துச் சீட்டைச் செருகி.