பெட்டியில் 22 சதவீதம், கூரையில் எவ்வளவு? எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 200 வாட் சோலார் செட்

பேனல் நல்ல பேனல், கடையும் நம்பிப் போகலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பெங்களூரில் வண்டியை கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும்படி, மாற்றும் நண்பர்கள் பலர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எஃபிஷியன்சி சதவீதத்தை (விழும் வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகும் என்ற கணக்கு) மட்டும் பார்த்துப் பேனல் எடுக்கிறார்கள், பிறகு பேட்டரி ஏறவில்லை என்று வருத்தப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது மாருதி ஈகோ. பின்னால் படுக்கை, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், கூரையில் ஒரு வென்ட் ஃபேன், லைட், ஒரு லேப்டாப். பேட்டரி 100 ஆம்ப் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது 12.8 வோல்ட் கணக்கில் 1280 வாட் ஹவர். இதற்கு 200 வாட் மோனோ பெர்க் (ஒரு வகை சிலிக்கான் செல்) பேனல் ஒன்று, விக்ட்ரான் கம்பெனியின் 75/15 எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் முழு சக்தியையும் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), 4 ஸ்கொயர் எம்எம் சோலார் கேபிள், பியூஸ், கிளாம்ப் எல்லாம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில் எடுத்தோம். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம், காரைக் கொண்டுபோய் அந்தச் சந்துகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கவுன்டரில் இருந்தவர் நல்ல தமிழ் பேசினார். 22 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று என் மனைவி கேட்டதும், "அக்கா, சதவீதம் அப்புறம் பாக்கலாம், கூரையில எத்தனை அடி காலியா இருக்கு, அதச் சொல்லுங்க" என்றார். பேனலைக் கீழே கிடத்தி டேப் பிடித்தார். 1480 மில்லிமீட்டர் நீளம், 670 அகலம். பெருக்கினால் ஏறக்குறைய 0.99 சதுர மீட்டர். லேப் சோதனையில் சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழும், அதில் இந்தப் பேனல் 200 வாட் தருகிறது என்றால் சுமார் 20 சதவீதம்தான். அப்படியானால் பெட்டியில் இருக்கும் 22 எங்கிருந்து வந்தது? அது தனி செல்லின் கணக்கு. செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, சுற்றிலும் ஃபிரேம், கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்தால் முழு பேனலின் எண் இறங்கிவிடும். கம்பெனி தரும் விவரத் தாளான டேட்டாஷீட்டில் மாட்யூல் எஃபிஷியன்சி என்று தனியாக ஒரு வரி இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. இந்தச் சதவீதம் சொல்வது இடத்தை. 200 வாட் என்றால் 17 சதவீத பேனலும் 200 வாட்தான், 22 சதவீத பேனலும் 200 வாட்தான், பேட்டரிக்கு ஏறும் கரண்டில் இதனால் வித்தியாசம் வராது. 17 சதவீதப் பேனல் 1.18 சதுர மீட்டர் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். டெம்போ டிராவலர் வைத்திருப்பவர்களுக்குக் கூரை தாராளமாக இருக்கும், அவர்கள் கூடுதல் சதவீதத்துக்குக் காசு கொட்டவே தேவையில்லை, வீட்டு மாடியில் போடும் 540 வாட் பேனலையே எம்பிபிடியோடு போடலாம், 28 கிலோ பக்கம் எடை வரும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும். ஈகோவில் ஃபேன் போக மிஞ்சிய இடம் குறைவு, அதனால் எங்களுக்கு 20 சதவீதம் உண்மையிலேயே உதவியது.

டேப் இருந்தால் பொய்யையும் பிடித்துவிடலாம். ஆன்லைனில் நண்பர் ஒருவர் வாங்கிய வளையும் பேனலில் 300 வாட் என்று ஸ்டிக்கர், அளவு 110க்கு 60 சென்டிமீட்டர். அதாவது 0.66 சதுர மீட்டர். 300 வாட் வர வேண்டுமானால் 45 சதவீதம் எஃபிஷியன்சி இருக்க வேண்டும்! சாதாரண சிலிக்கான் செல்லுக்குக் கோட்பாட்டு எல்லையே 29 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த அளவில் 140 வாட் வந்தாலே நல்ல பேனல். ஏமாற்று விற்பனைதான் அது, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இனி வெயில். ஸ்டிக்கரில் உள்ள 200 வாட், செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது எடுத்தது. பெங்களூர் மார்ச் மதியத்தில் வெளியே 34 டிகிரி என்றால், தகரக் கூரை மேல் இருக்கும் செல் 65 டிகிரிக்குப் போகும். மோனோ பெர்க்குக்கு டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும், 40 டிகிரி கூடினால் 14 சதவீதம் போச்சு, மிச்சம் 172. அதன் மேல் தூசி, கேபிள், கன்ட்ரோலர் இழப்பு. கன்ட்ரோலரின் மொபைல் ஆப்பில் நான் பார்க்கும் மதிய எண் 150க்கும் 160க்கும் நடுவில்தான் நிற்கிறது, அது குறை அல்ல, சரியான வேலை. ஊட்டியில் டிசம்பர் மதியம், வானம் தெளிவாக இருந்தபோது, சூரியன் சாய்ந்திருந்தும் இதே எண் வந்தது, குளிர்தான் காரணம். ஆகவே டேட்டாஷீட்டில் டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட் என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள், மைனஸ் 0.30 என்றால் 0.35ஐ விட நல்லது. பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓட மூன்று நான்கு சென்டிமீட்டர் விடுங்கள். வளையும் பேனலைக் கூரையோடு ஒட்டினால் காற்றுக்கு வழியே இல்லை, நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கன்ட்ரோலரில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தப் பேனல் 20.4 வோல்ட்டில் 9.8 ஆம்ப் தரும். மலிவான பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் போட்டால் வோல்ட்டேஜ் பேட்டரி அளவுக்கு இறங்கிவிடும், 13.2 வோல்ட் என்றால் 130 வாட் கூட வராது. அதாவது காசு கொடுத்து வாங்கிய 20 சதவீதப் பேனல் 13 சதவீதப் பேனலாகிவிடும். சூடான பேனலில் வோல்ட்டேஜ் ஏற்கனவே குறைந்திருப்பதால் எம்பிபிடியின் லாபம் கொஞ்சம் சுருங்கும், இருந்தாலும் கால் பங்கு கூடுதலாக வருகிறது. விக்ட்ரானில் ப்ளூடூத் ஆப், கடைசி 30 நாள் கணக்கு அதில் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள், பேட்டரி பதினொரு மணிக்கே நிறைந்துவிட்டால் அன்றைய கணக்கு குறைவாகத்தான் காட்டும், பேனல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

நிழல்தான் பெரிய எதிரி. செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் லக்கேஜ் கேரியர் கம்பியின் நிழல் ஒன்று விழுந்தாலே வாட் சடாரென்று விழுகிறது. ஜெயநகர் மரத்தடியில் நிறுத்திவிட்டு சார்ஜ் எதிர்பார்க்கக் கூடாது. தட்டையாகப் போட்டதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை, பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும்.

கோடையில் காலியான பேட்டரியோடு நாளைத் தொடங்கினால் 700 வாட் ஹவர் பக்கம் வருகிறது, ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடி மிச்சமும் இருக்கிறது. ஜூலை மேகத்தில் பாதிகூட வராத நாட்கள் உண்டு, கூர்க் பக்கம் மழையில் போகிறவர்கள் வண்டி ஓடும்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் டிசி டிசி சார்ஜரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் குறை என்றால், கூடவே தந்த கிளாம்ப் போல்ட்டுகள் முதல் மழைக்கே துருப்பிடித்தன, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தனியாக வாங்கி மாற்றினோம். டேட்டாஷீட் பெட்டியில் இல்லை, கேட்ட பிறகுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வண்டியில் மாட்டித்தர மாட்டார்கள். சோலார் கேபிளை இணைக்கும் எம்சி4 கனெக்டரை மட்டும் முறையாக கிரிம்ப் பண்ணி (அழுத்திப் பொருத்தி) தந்தார்கள், அதை இழுத்தும் பார்த்துக் காட்டினார்கள். பேனலின் பின்பக்க லேபிளில் இந்தியத் தர முத்திரையான ஐஎஸ் 14286 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பில்லில் அதையும் சரிபாருங்கள். ஞாயிறு கடை இல்லை, வாரநாள் காலையில் போனால் டேப் பிடித்துக் காட்டவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.