சர்ஜைத் தடுக்க ஆம்பியர் போதுமா, ஃப்ளோ வேண்டுமா?

சென்னை மணலியில் எங்கள் ஆலைக்குக் காற்று தருவது மூன்று ஸ்டேஜ் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸர் ஒன்று. நிமிடத்துக்கு 100 கனமீட்டர், 7 பார். வாங்கிய நாளிலிருந்து அதன் சர்ஜ் பாதுகாப்பு (தள்ளிய காற்று திரும்பிப் பாயாமல் காக்கும் ஏற்பாடு) மோட்டார் கரன்டை நம்பித்தான் இருந்தது. போன ஆண்டு கன்ட்ரோல் பேனலை மாற்றும் வேலை வந்தபோது, அதே முறையில் தொடர்வதா, சக்ஷனில், அதாவது காற்று உள்ளே வரும் பக்கத்தில், காற்றின் ஓட்டத்தை அளக்கும் முறைக்கு மாறுவதா என்று யோசித்தோம். கடைசியில் ஃப்ளோவுக்கு மாறினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

சர்ஜைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காற்றின் தேவை குறைந்து, ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால், வெளியே இருக்கும் அழுத்தத்தை எதிர்த்து இம்பெல்லரால் (உள்ளே சுழலும் சக்கரத்தால்) தள்ள முடியாது. தள்ளிய காற்று திரும்பி உள்ளே பாயும். அடுத்த கணம் மறுபடி முன்னால் ஓடும், மறுபடி திரும்பும். அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு வயிற்றுக்குள் இடித்தது இன்றும் நினைவிருக்கும். அடி விழுவது தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் சீல்களுக்கும். எந்த முறையானாலும் மருந்து ஒன்றுதான்: சர்ஜ் தொடங்கும் எல்லையான சர்ஜ் கோட்டுக்குச் சுமார் 10 சதவீதம் முன்பே, காற்றை வெளியே விடும் ப்ளோ ஆஃப் வால்வைத் திறந்துவிட வேண்டும். கோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. வைப்ரேஷனை வைத்தே பிடித்துவிடலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் சர்ஜ் வந்த பிறகுதான் வைப்ரேஷன் ஏறும். டிரிப் செய்ய, அதாவது மெஷினை நிறுத்த, அது உதவும், தடுக்க உதவாது.

ஆம்பியர் முறையின் நல்ல குணம் எளிமை. கரன்டை அளக்கும் சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஏற்கெனவே பேனலில் இருக்கிறது. அழுத்தத்தை எடுத்துவரும் ட்யூப் இல்லை, அடைப்பு இல்லை. ஓட்டம் குறைந்தால் லோடு குறையும், கரன்ட் இறங்கும். குறித்த எண்ணுக்குக் கீழே போனால் வால்வ் திறக்கும். சரி, அந்த எண்ணை எந்த மாதத்தில் குறிப்பது?

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். ஜனவரி விடியற்காலையில் இங்கே 21 டிகிரி இருக்கும். கத்திரி வெயிலில், கடற்காற்று உள்ளே வராத மதியத்தில் 40 டிகிரியைத் தொடும். இவ்வளவு வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துவிடுகிறது. அடர்த்தி குறைந்த காற்றை வைத்து இம்பெல்லர் எட்டக்கூடிய உச்ச அழுத்தமும் குறையும். ஹெடரில் (ஆலைக்குக் காற்று போகும் பொதுக் குழாயில்) நாம் கேட்பதோ அதே 7 பார். ஆக, மே மாதத்தில் சர்ஜ் கோடு தானாகவே நம் பக்கம் நகர்ந்து வந்து நிற்கும். சக்ஷன் ஃபில்டரில் தூசி ஏறினாலும் இதே கதைதான். இது போதாதென்று வோல்டேஜ் வேறு. சப்ளை இறங்கினால் அதே வேலைக்கு மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும். பேனலுக்கு லோடு நன்றாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே ஓட்டம் குறைந்துகொண்டிருக்கும்.

அதனால் கோடையில் யாராவது ஒரு ஷிஃப்டில் அந்த எண்ணை ஏற்றி வைப்பார்கள். பயந்து ஏற்றியதை டிசம்பரில் யாரும் இறக்கமாட்டார்கள். தேவையே இல்லாமல் வால்வ் கொஞ்சம் திறந்து ஊதிக்கொண்டே இருக்கும். 7 பாரில் நிமிடத்துக்கு 10 கனமீட்டர் வீணாக ஊதினால் கிட்டத்தட்ட 55 முதல் 60 கிலோவாட். ஒரு நாளுக்கு 1,300 யூனிட்டுக்கு மேல் ஆகாயத்தில் போகிறது. பேனலுக்கு ஆகும் கூடுதல் செலவை நிர்வாகத்திடம் கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் வைத்தோம்.

ஃப்ளோ முறையில் சக்ஷனில் டி.பி. (அழுத்த வேறுபாடு) டிரான்ஸ்மிட்டர், சக்ஷன், டிஸ்சார்ஜ் இரண்டிலும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர். டி.பி.யை சக்ஷன் அழுத்தத்தால் வகுத்து, அதை அழுத்த விகிதத்தோடு சேர்த்து வரைந்தால், வெயிலின் பாதிப்பு பெரும்பாலும் கழிந்துவிடும். ஸ்டேஜ்களுக்கு நடுவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கள் இருப்பதால் முழுக்கக் கழியாது. கூலிங் வாட்டர் சூடானால் அதன் பாதிப்பு கொஞ்சம் தெரியும். என்றாலும் இந்தக் கோடையில் செட்டிங்கில் யாரும் கை வைக்கவில்லை.

பராமரிப்பு மட்டும் கூடுதல்தான். எங்களுக்குக் கோட்டருகே டி.பி. வெறும் 30 மில்லிபார். ட்யூபில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு மில்லிபார் பிழை. இந்த ஊர் ஈரத்தில் அது நிற்கத்தான் செய்யும். அதனால் டிரான்ஸ்மிட்டரை, குழாயில் அழுத்தம் எடுக்கும் இடத்துக்கு மேலே ஏற்றி, ட்யூபைச் சரிவாக இறக்கினோம். இன்னொன்று, டாம்பிங், அதாவது ரீடிங் ஆடாமல் மெதுவாக்கும் செட்டிங். ரீடிங் ஆடுகிறதென்று ஒருவர் நல்லெண்ணத்தில் அதை 3 நொடிக்கு ஏற்றிவிட்டார். திரையில் கோடு வழவழவென்று அழகாக ஓடியது. அன்றிரவு லோடு சட்டென்று விழுந்தபோது மெஷின் இரண்டு முறை இடித்த பிறகுதான் வால்வ் அசைந்தது. இப்போது அந்த செட்டிங்குக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம்.

நாங்கள் பார்த்தது ஒரு கோடை, ஒரு மழைக்காலம், அதுவும் காற்று கம்ப்ரஸர் மட்டும். கலவை மாறும் எரிவாயுவில் ஓட்டுபவர்கள் எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன மெஷின், நாள் முழுக்க ஒரே லோடு, இன்ஸ்ட்ருமென்ட் ஆள் கிடையாது என்றால் ஆம்பியரே போதும். வருஷத்துக்கு இரண்டு முறை செட்டிங்கைச் சரிபார்த்தால் சரி.

ஆம்பியரை நாங்களும் கழற்றிப் போடவில்லை. சர்ஜ் வந்துவிட்டால் கரன்ட் ஏறி ஏறி இறங்குவது கண்ணாடி மாதிரி தெரியும். அதை எண்ணி, தொடர்ந்து மூன்று முறை வந்தால் மெஷினை நிறுத்தும் வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறோம். அப்புறம், மாதம் ஒரு முறை மெஷின் நிற்கும் நேரம் பார்த்து ப்ளோ ஆஃப் வால்வை முழுக்கத் திறந்து பார்க்கிறோம். கடல் உப்புக்காற்றில் வால்வின் ஸ்டெம் (தண்டு) இறுகிவிடும். 2 நொடிக்குள் திறக்காவிட்டால் அன்றே கழற்றிவிடுகிறோம்.