முஹு தீவின் நாணல் கூரை வீடு

எஸ்டோனியாவின் மேற்குக் கரையோரம் இருக்கும் முஹு தீவில் ஒரு பழைய பண்ணையை, அதன் உருவம் கெடாமல் காப்பாற்றி, கோடையில் வாடகைக்கு விடுகிறார்கள். ஜூன் தொடக்கத்தில் நானும் மனைவியும் மகளும் அங்கே போய்த் தங்கினோம். இரவுக்கு 85 யூரோ. சௌனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கான விறகும் அதிலேயே அடக்கம். நான் கட்டடப் பொறியாளன். தலைநகர் தாலினில் கான்கிரீட்டும் கண்ணாடியுமாகக் கட்டிக்கொண்டிருப்பவன். எந்த வீட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். அதனால் கூரையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாணல் கூரை. ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் கனம். இந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. கரை நெடுக நாணல் காடாக வளர்ந்து நிற்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து தண்டு நன்றாகக் காய்ந்த பிறகு, உறைந்த கடலின் மேல் நின்று அதை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். கூரை நல்ல சரிவு. மழைநீர் நிற்க நேரமில்லாமல் தண்டின் மேலேயே வழிந்து ஓடிவிடுகிறது. மேலே உள்ள கொஞ்சம் கனம்தான் நனைகிறது. ஒரு இரவு முழுக்க மழை. காலையில் ஏணி போட்டு மேலே ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. முகட்டில் நாணலைக் காற்று பிய்க்காமலிருக்க, கத்தரிக்கோல் விரித்தாற்போல் இரண்டிரண்டு கட்டைகளைக் குறுக்கே மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆணியே இல்லை, கட்டையின் எடைதான் பிடி. வடக்குச் சரிவில் மட்டும் பாசி கெட்டியாகப் படர்ந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் விட்டால் ஈரம் தங்கி நாணல் மக்கும். அவ்வளவு நல்ல கூரைக்கு அந்தக் கவனிப்பு வேண்டும்.

இது ஒரே வீடு அல்ல. பெரிய வீடு, தானியக் கொட்டில், கோடைச் சமையலறை, சௌனா என்று தனித்தனியாக நான்கு கட்டடங்கள். சுற்றிலும் சாந்து பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய சுவர். எல்லாவற்றையும் ஏன் ஒரே கூரைக்குள் கொண்டுவரவில்லை என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் புரிகிறது. கோடையில் வீட்டுக்குள் அடுப்பு எரித்தால் வீடே சூடாகிவிடும், நாணல் கூரைக்கு நெருப்புப் பயமும் உண்டு. ஆகவே அடுப்பைத் தள்ளி வைத்தார்கள். சௌனாவை அதைவிடவும் தள்ளி வைத்தார்கள். பெரிய வீட்டில் மட்டும் குளிர்காலத்துக்கான பெரிய கல் அடுப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் அறுத்த ரை தானியக் கதிரை அந்த அறையின் உத்தரங்கள் மேல் பரப்பி, அடுப்புச் சூட்டிலும் புகையிலும் காயவைத்துத்தான் போரடித்திருக்கிறார்கள். எஸ்டோனியப் பண்ணை வீடுகளின் தனித்தன்மையே குடியிருப்பும் கதிர் காயவைக்கும் அறையும் ஒன்றாக இருப்பதுதான். உத்தரங்கள் இன்னும் கரி படிந்து கறுப்பாகப் பளபளக்கின்றன. வெள்ளையடித்து அதை மறைக்காமல் விட்ட உரிமையாளருக்கு என் மனமார்ந்த பாராட்டு.

நாங்கள் படுத்தது தானியக் கொட்டிலில். எஸ்டோனியர்கள் அதை ‘ஐட்’ என்கிறார்கள். பருத்த மரங்களை மூலையில் பள்ளம் வெட்டி ஒன்றோடொன்று கோத்து, இடுக்குகளில் பாசியை அடைத்திருக்கிறார்கள். ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாத அளவுக்கு நெருக்கமான வேலை. ஜன்னல் கிடையாது. தானியமும் துணிப்பெட்டியும் இருக்கும் இடத்துக்கு ஜன்னல் எதற்கு? ஆனால் கோடையில் வீட்டின் இளம்பிள்ளைகள் இங்கேதான் வந்து படுப்பார்களாம். ஜூனில் இந்தத் தீவில் சூரியன் இறங்கவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகிறது. நாலு மணி சுமாருக்கு மறுபடி எழுந்துவிடுகிறது, நடுவிலும் முழு இருட்டு வருவதில்லை. தாலினில் கறுப்புத் திரை போட்டும் தூங்காமல் புரளும் என் மகள், இங்கே கதவைச் சாத்தியதும், “அப்பா, நிஜ ராத்திரி!” என்றாள். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். மெத்தைகள் மட்டும் பழசு, நடுவில் குழி. போர்வையில் லேசான ஈர வாடை இருந்தது. முதல் நாளே வெயிலில் போட்டு எடுத்தோம்.

தண்ணீருக்குக் கிணறு. நம் ஊர்த் துலா போலவே நெடுங்கம்பு, அதன் ஒரு முனையில் பாரம், மறுமுனையில் வாளி. கழிப்பறை முற்றத்தின் ஓரத்தில் தனியாக இருக்கிறது. தண்ணீர் இல்லாத வகை, மரத்தூளை அள்ளிப் போட வேண்டும். சுத்தமாக இருந்தது, நாற்றம் இல்லை. ஆனால் விளம்பரப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட ஆங்கிலத்தில் இல்லை. எஸ்டோனிய மொழிக் குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ‘முழு வசதியுள்ள சமையலறை’ என்று போட்டிருப்பதும் சரியல்ல. கோடைச் சமையலறையில் இருப்பது கல் அடுப்பு, தொங்கும் இரும்புப் பானை, ஒரு வாணலி, முனை மழுங்கிய கத்தி. காலையில் ஒரு டீ குடிக்க விறகு மூட்ட வேண்டும். அதுவும் எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுவதே முறை.

சௌனாவுக்கு வருகிறேன். இந்தப் பண்ணைக்குப் போக அது ஒன்றே போதும்.

மூன்று மணி நேரம் ஆகிறது சூடேற. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்ப வேண்டும், விறகு பிளக்க வேண்டும், அடுப்பின் மேல் குவித்திருக்கும் கற்கள் உள்வரை கொதிக்கும் மட்டும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் இருந்த வெப்பமானி 80 டிகிரியைத் தொட்டதும் உள்ளே போனோம். மேல் பலகையில் உட்கார்ந்து கல்லின் மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினால், ஒரு கணம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கூரையிலிருந்து இறங்கி முதுகைப் பிடிக்கும் அந்த ஆவி! ‘லெய்ல்’ என்பார்கள். மின்சார சௌனாவில் வரும் வறண்ட சூடு இதன் பக்கத்தில் நிற்காது. பிர்ச் இலைக் கொத்தால் உடம்பில் தட்டிக்கொள்வது நாடெங்கும் உள்ள வழக்கம். இந்தத் தீவுகளில் ஜூனிப்பர் புதர் எங்கு பார்த்தாலும் இருப்பதால் அதிலும் கொத்து கட்டுகிறார்கள். முட்கள் மென்மையாக, வெந்நீரில் நன்றாக ஊறவிட வேண்டும். முதல் அடியில் சுருக்கென்கிறது. பிறகு தோலெல்லாம் விழித்துக்கொண்டது மாதிரி ஒரு சுகம். அந்த வாசனை மறுநாளும் தலைமுடியில் இருந்தது.

வெளியே வந்ததும் பால்டிக் கடல். நீந்தலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். வெகுதூரம் நடந்தும் எனக்கு முழங்கால் நனையவில்லை. ஆனால் அந்தக் கடலை வாயில் வைத்துப் பாருங்கள். பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இங்கே ஆறு ஏழு கிராம்தான். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் அதிகம். டென்மார்க் பக்கத்துக் குறுகிய வாயில் வழியாக உப்புநீர் கொஞ்சமாகத்தான் உள்ளே வருகிறது. ஏரியில் இருக்க வேண்டிய பைக், பெர்ச் மீன்கள் இங்கே கடலில் வாழ்வது அதனால்தான்.

மீன் என்றதும் சொல்ல வேண்டியது, வசந்தக் கடைசியில் இந்தக் கரைகளுக்கு வரும் முரல் வகை மீன். நீளமான அலகு, வெட்டினால் உள்ளே பச்சை நிற முள். என் மனைவி அதைப் பார்த்து மீன் கெட்டுவிட்டதோ என்று பயந்தாள். அதன் முள் பிறவியிலேயே பச்சை. கொண்டுபோன மிளகாய்த்தூளும் உப்பும் தடவி அந்த வாணலியில் பொரித்தாள். தொட்டுக்கொள்ள லீவா கிராமத்தில் வாங்கிய கறுப்பு ரை ரொட்டி, இனிப்பும் புளிப்புமாக, கனமாக. ஆல்டர் விறகில் புகைபோட்ட தட்டை மீனையும் தவறவிடாதீர்கள்.

இனி, நான் மிகவும் கவலைப்பட்ட விஷயம். பெரிய வீட்டின் அடுப்புப் புகைபோக்கியில் ஓர் அடைப்புத் தகடு இருக்கிறது. நெருப்பு அணைந்த பிறகு அதைச் சாத்தினால் சூடு இரவெல்லாம் அறையிலேயே தங்கும். தணலில் நீலச் சுடர் இருக்கும்போதே சாத்தினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். புகை எச்சரிக்கைக் கருவி சுவரில் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக் கருவி இல்லை, தகடு பற்றிய குறிப்பும் இல்லை. விறகு அடுப்பே பார்த்திராத விருந்தாளிகளை வரவேற்கும் வீட்டில் இது பெரிய குறை. உரிமையாளரிடம் நேரில் சொன்னேன். அக்கறையோடு கேட்டுக்கொண்டார், வாங்கி மாட்டுவதாகச் சொன்னார். நீங்கள் எந்தப் பண்ணை வீட்டை எடுத்தாலும் முன்பதிவுக்கு முன் இதைக் கேளுங்கள். இல்லை என்றால் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துப் போங்கள்.

உண்ணிகளும் உண்டு. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சல் இந்தத் தீவுப் பகுதியில் இருக்கிறது. தடுப்பூசி மூன்று தவணை என்பதால் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

சுற்றிப் பார்க்க நாங்கள் அதிகம் அலையவில்லை. கோகுவா கிராமத்தின் பாசி படர்ந்த கல்சுவர்களுக்கு நடுவே ஒரு மாலை. 1896-இல் திறந்த கடற்பாலச் சாலை வழியாகப் பக்கத்துச் சாரெமா தீவுக்குப் போய், ஆங்லாவின் காற்றாலைகளையும் காலி என்ற ஊரின் விண்கல் பள்ளத்தையும் பார்த்து வந்தோம். காற்றாலைகளில் நான்கு, கட்டடத்தையே காற்றின் திசைக்குத் திருப்பும் பழைய வகை. எனக்கு அவை போதும்.

சாரெமாவிலும் முஹுவிலும் நாணல் கூரைக்குக் கீழே மின்சார சௌனா, குமிழி நீர்த்தொட்டி, பெரிய டிவி எல்லாம் வைத்த வீடுகள் இதே விலைக்குக் கிடைக்கும். வசதிதான் முக்கியம் என்றால் அவற்றை எடுங்கள். தண்ணீர் இறைப்பதும் விறகு பிளப்பதும் விடுமுறையின் பகுதியாக இருப்பதில் தடையில்லை என்றால் இந்தப் பண்ணைக்கு வாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

தாலினிலிருந்து விர்ட்சு துறைமுகத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து படகில் அரை மணிக்கும் குறைவு. வெள்ளி பிற்பகல் தீவுக்குப் போகவும் ஞாயிறு திரும்பவும் காருக்குக் கட்டணம் கூடுதல். வாரநாளில் போனால் மிச்சம், வரிசையும் இல்லை. ஜூன் 23, 24 நடுக்கோடைத் திருவிழா. அந்த வாரத்துக்கு இடம் வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.